மாடியில் துணி ரோல், கையில் சான்றிதழ்

மாடியில் அடுக்கியிருக்கும் துணி ரோலை நிறுத்துப் பார்க்காமல் கட்டடத்துக்குச் சான்றிதழ் தருகிறேன் என்று ஓர் எஞ்சினியர் சொன்னால், அவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நாங்கள் கொடுத்தோம். இரண்டு மாதம் வீணாய்ப் போனது.

நான் திருப்பூர்க்காரன். மொரீஷியஸில், போர்ட் லூயிஸுக்கு வெளியே ஓர் ஆயத்த ஆடை ஆலையில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தபின் இந்தத் தீவில் எழும்பிய பல ஆலைகளைப் போல எங்களுடையதும் பழைய கான்கிரீட் கட்டடம். எண்பதுகளில் கீழ்த்தளமும் ஒரு மாடியும் கட்டியிருக்கிறார்கள். இரண்டாம் மாடி பிற்பாடு ஏற்றியது. தைப்பூசக் காவடி முடிந்த மறுவாரம் எங்களிடம் ஆடை வாங்கும் ஐரோப்பிய பையரிடமிருந்து மெயில் வந்தது: கட்டட உறுதி அறிக்கை வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆர்டர் கிடையாது.

முதலில் வந்தவர் ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. கான்கிரீட்டின் உறுதியைத் தட்டிப் பார்த்து எண்ணாகக் காட்டும் ரீபவுண்ட் ஹேமரைப் பூச்சின் மேலேயே வைத்துத் தட்டினார். பூச்சைச் சுரண்டி எடுத்து, உள்ளே இருக்கும் கான்கிரீட்டில் தட்டினால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. அது எனக்குத் தெரியும்; இருந்தும் பெரிய மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. "கட்டடம் திருப்திகரமாக உள்ளது" என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். பையரின் தொழில்நுட்பக் குழு மூன்றே கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பியது. வரைபடம் எங்கே? கான்கிரீட்டைத் துளைத்து உருளையாக வெட்டி எடுக்கும் கோர், அதைச் சோதித்த முடிவு எங்கே? எந்தத் தளம் எவ்வளவு எடை தாங்கும் என்ற கணக்கு எங்கே?

வரைபடம் ஆலையில் இல்லை. அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு நடந்தேன். முதல் நாள், உரிமையாளரின் கடிதம் இல்லாமல் பேசவே முடியாது என்றார்கள். கடிதத்தோடு போனால் அனுமதி எண் கேட்டார்கள். எண் அந்தக் கோப்பில்தானே இருக்கும் என்றேன். கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை போன அன்று அவர் விடுப்பு. கடைசியில் எண் கிடைத்தது எங்கள் ஸ்டோரில், பழைய இன்ஷூரன்ஸ் கட்டுக்குள், தட்டச்சு செய்த ஒரு கடிதத்தின் மூலையில். அதைக் கொண்டுபோன அன்று இருபது நிமிடத்தில் வரைபடம் கைக்கு வந்தது. அலுவலகத்துக்கு அலையும் முன் உங்கள் இன்ஷூரன்ஸ், வங்கிக் கடன் கோப்புகளைப் புரட்டிவிடுங்கள்.

வரைபடத்தை விரித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. இரண்டாம் மாடியின் தரை, அதில் வெறும் மொட்டைமாடி. சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கினால் போதும் என்று போட்ட தளம். அதன் மேல்தான் எங்கள் துணி ஸ்டோர். பிளாட்ஃபாரம் தராசை மேலே ஏற்றி ரோல்களை நிறுத்தேன். ஒன்று சராசரி 22 கிலோ. அடுக்கைத் தரையின் அளவோடு வகுத்துப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டியது. சுவரும் கூரையும் தனி.

ஸ்டோருக்குக் கீழே முதல் மாடியில் தையல் லைன். அங்கே வேலை செய்யும் வங்கதேசத்துச் சகோதரி ஒருவர், மெயில் வருவதற்கு வெகு முன்பே பீமில் விரிசல் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பூச்சு விரிசல்தான் என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார். அந்தச் சகோதரிக்குச் சொந்த ஊர் டாக்காவுக்குப் பக்கத்தில் உள்ள சாவார். "பாய், அங்கேயும் முதல் நாளே விரிசலைப் பார்த்தாங்க" என்று இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் என்னிடம் சொன்னபோது குரல் நடுங்கியது. அவர் சொன்னது சாவாரில் ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடத்தை. 2013 ஏப்ரல் 23 அன்று அதில் விரிசல் தெரிந்ததும் கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடின. ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே வரவழைத்தார்கள். கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தார்கள். அங்கேயும் அனுமதியில்லாமல் ஏற்றிய மாடிகள் இருந்தன.

ஏணி போட்டு விரிசலைப் பார்த்தேன். பீம் தூணைச் சேரும் இடத்தில் சாய்வாக ஓடியிருந்தது. நடுவில் முடி போல நிற்கும் விரிசலைவிட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். மூன்று வாரத்தில் கோட்டைத் தாண்டி 4 செ.மீ. நகர்ந்துவிட்டது. அந்த போட்டோவை முதலாளி மேஜையில் வைத்தபிறகுதான் இரண்டாவது எஞ்சினியருக்குச் சம்மதம் கிடைத்தது.

இவர் வேறு மாதிரி. வந்த அன்றே ஸ்டோரைக் காலி செய்யச் சொன்னார், அறிக்கையெல்லாம் அப்புறம் என்றார். ஸ்கேனர் வைத்துக் கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்த்து, அதை வெட்டாமல் கோர் எடுத்தார்கள். நடுவில் புயல் எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்கு ஏறியதால் இரண்டு நாள் வேலை நின்றது. மற்றபடி தடங்கல் இல்லை.

வெட்டிய கோரில், காரத்தன்மை இருக்கிறதா என்று நிறத்தில் காட்டும் பினாப்தலின் கரைசலைத் தெளித்தபோது பக்கத்திலேயே நின்றேன். நல்ல கான்கிரீட் ரோஸ் நிறமாக மாறும். எங்களுடையது வெளிப்பக்கம் 35 மி.மீ. வரை நிறமே மாறவில்லை. கம்பி இருப்பது 25 மி.மீ. ஆழத்தில்! அதாவது கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை அந்த ஆழத்தில் போய்விட்டது. உப்புச் சோதனைக்கும் தூள் எடுக்கச் சொல்லுங்கள். 2001-இல் தடை வரும்வரை இந்தத் தீவில் கரையோரக் கடற்கழியான லகூனிலிருந்து அள்ளிய பவளமணலில் நிறையக் கட்டினார்கள். சரியாகக் கழுவாத மணலில் உப்பு தங்கி, கம்பியை உள்ளேயே அரிக்கும். எங்கள் ஆறு தூண்களில் அளவு மிஞ்சியிருந்தது.

அந்த ஆறையும் சுற்றிப் புதுக் கம்பி கட்டி கான்கிரீட் போட்டுப் பருமனாக்குகிறோம். விரிசல் விட்ட பீமுக்கு அடியில் இரும்பு முட்டு நிற்கிறது. மொட்டைமாடித் தண்ணீர் டேங்கைத் தரைக்கு இறக்கிவிட்டோம். 10,000 லிட்டர் என்றால் 10 டன். பையர் ஆறு மாதம் அவகாசம் தந்திருக்கிறார். துணி எல்லாம் கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டது, கட்டிங் டேபிள்களை நெருக்கிப் போட வேண்டியதாயிற்று.

இப்போது ஒவ்வொரு தளத்துச் சுவரிலும் எடை வரம்பு எழுதியிருக்கிறது, ஆங்கிலத்தில் மட்டும் இல்லை, கிரியோலிலும் வங்காளத்திலும். வங்காள வரியை எழுதிக் கொடுத்தவர் அந்தச் சகோதரிதான். நேற்று மூன்றாவது தூணுக்குக் கான்கிரீட் ஊற்றும்போது மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்று பார்த்தார்.