உப்பளத்துப் பையன்: ஒரு நாவலின் நாட்குறிப்பு

12 மே 2024, ஞாயிறு

தூத்துக்குடியில் வளரும் ஒரு பையனைப் பற்றிய நாவலை மூன்றாம் முறையாகத் தொடங்கியிருக்கிறேன். கதை 1978இல் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஓடுகிறது. முதல் இரண்டு வரைவுகளிலும் அவன் கரையில் உட்கார்ந்து பொங்கிவரும் அலைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் ஊர்க் கடலுக்கு எதிரே தீவுகள் மறித்து நிற்பதால் பேரலை எழுவது அரிது என்பதும், வேலையில்லாமல் கடலைப் பார்ப்பதற்கென்று யாரும் அங்கே போனதில்லை என்பதும் எழுதும்போது எனக்கே எப்படி மறந்துபோனதோ தெரியவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

19 மே, ஞாயிறு

பையனின் அப்பாவுக்கு என்ன தொழில் என்பதிலேயே ஒரு வாரம் போயிற்று. தோணித் துறையில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றுபவராக வைக்கலாம். 1974இல் பெருந்துறைமுகமாகிவிட்ட புதிய துறைமுகத்தில் சுமை தூக்குபவராகவும் வைக்கலாம். பஞ்சாலைத் தொழிலாளியாக்கினால், 1908இல் வ.உ.சி. முன்னின்ற கோரல் ஆலை வேலைநிறுத்தம் கூலி உயர்வோடு முடிந்த கதையைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. அப்போது பையன் காணாமல்போய் வரலாற்று வாத்தியார் வந்து நின்றுவிடுவார். ஆகவே உப்பளம்.

3 ஜூன், திங்கள்

இன்று அதிகாலையில் ஓர் உப்பளத்துக்குப் போய்வந்தேன். வெயில் ஏறியதும் பாத்திகளிலிருந்து தெறிக்கும் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. உப்பளத் தொழிலாளியின் பாதம் சிதையிலும் வேகாது என்று எல்லோரும் எழுதிவிட்ட செய்தியை நான் எழுதப்போவதில்லை. காலில் உப்பு அறுத்த புண்ணோடு ஒரு பையன் மறுநாள் எப்படிப் பாத்திக்குள் இறங்குகிறான் என்பதே எனக்கு வேண்டும்.

அவனுக்குக் கோடை விடுமுறையில் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். நீரின் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பாத்தி நீரில் மிதக்கவிட்டு, டிகிரி பார்த்துச் சொல்ல வேண்டும். கடல் நீர் மூன்று, மூன்றரை டிகிரியில் இருக்கும். வெயிலில் வற்றி இருபத்தைந்தை நெருங்கும்போது உப்பு விழத் தொடங்கும். முப்பதை நெருங்கவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசந்துபோகும் என்பதால், அதற்கு முன்பே எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். அவன் நண்பர்களோடு விளையாடப் போய்விட்டு, பார்க்காமலே இருபத்தாறு என்று சொல்கிறான். அம்பாரத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்த கணக்கப்பிள்ளை, அப்பாவின் கூலியில் பாதியைப் பிடித்துக்கொள்கிறார். அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மறுநாள் காலையில் குழாயைத் தாமே எடுத்துக்கொண்டு போகிறார். அவ்வளவுதான் அத்தியாயம். இதை எழுதி முடித்த பிறகு வெகு நேரம் வேறெதுவும் ஓடவில்லை.

26 ஜூலை, வெள்ளி

பனிமய மாதா கோயிலில் கொடியேற்றம். எழுதவில்லை.

6 ஆகஸ்ட், செவ்வாய்

தாத்தாவை நாவலுக்குள் கொண்டுவந்துவிட்டேன். 1961இல் இங்கே நடந்த கடைசி முத்துக்குளிப்பில் மூழ்கியவர் அவர். அதற்குப் பிறகு முத்துக்காகக் கடல் திறக்கப்படவே இல்லை. 1979இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கும்போது, எழுந்து நிற்கும் புகைபோக்கியைப் பேரன் வாய்பிளந்து பார்க்கிறான். தாத்தா அந்தத் திசைக்கே திரும்புவதில்லை. வீட்டுச் சுவரில் காரை உதிர்ந்த இடத்தில் பூப்பூவாகத் தெரியும் பவளக்கல்லை நகத்தால் சுரண்டுவது பையனின் பழக்கம். அப்படிக் கல்லெடுத்த தீவுகளுள் ஒன்றான விலாங்குச்சல்லி இன்று நீருக்கு அடியில் கிடக்கிறது. அது பையனுக்குத் தெரிய வழியில்லை என்பதால் நாவலில் வராது. இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

முடிவில், அப்பா குழாயை மீண்டும் மகன் கையில் கொடுக்கும் காட்சி ஒன்றை நேற்றிரவு எழுதினேன். கண் கலங்கும்படி வந்திருந்தது, காலையில் அடித்துவிட்டேன். அந்த மனிதர் கொடுக்க மாட்டார். 1982இல், மழைக்காலம் கழிந்து பாத்திகளைச் செப்பனிட்டு நீர் பாய்ச்சியிருக்கும் ஒரு நாளில், அப்பா உப்பைக் குவிக்கும் தட்டுமேட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போது அவனே எடுத்துப் பார்க்கிறான். இருபத்தொன்று. இன்னும் சில நாள் வெயில் வேண்டும்.