சம்பளத்தில் சேராத இரவுகள்

சொகுசுக் கப்பலில் நர்ஸாக இருந்தவள் என்று தெரிந்ததும் எல்லாரும் முதலில் கேட்பது சம்பளத்தைத்தான். கேட்க வேண்டியதுதான். ஆனால் மாதத் தொகையை மட்டும் சொன்னால் பாதி உண்மை மறைந்துவிடும். நர்ஸுக்கு ஒப்பந்தம் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மாதம். அது முடிந்ததும் விடுப்பு. பல நிறுவனங்களில் அந்த விடுப்புக்குச் சம்பளம் கிடையாது. அறையும் சாப்பாடும் கப்பலில் இலவசம் என்பதால் பணம் மிஞ்சும். கரையில் இறங்கியதும் அதே பணத்தில்தான் அடுத்த ஒப்பந்தம் வரை ஓட்ட வேண்டும். வருவதைப் பன்னிரண்டு மாதத்துக்கும் வகுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு என் வருமானம் தெரிந்தது.

அதையும்விட முக்கியமானது ஆன்-கால், அதாவது அழைத்தால் உடனே போகத் தயாராக இருக்க வேண்டிய நேரம். கிளினிக் காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம். கேட்பவர்களுக்கு எளிதாகத் தோன்றும். மீதி நேரத்தில் போன் நம் இடுப்பிலேயே இருக்கும். நெஞ்சுவலி, குளியலறையில் வழுக்கி விழுந்த முதியவர், சமையல் கூடத்தில் எண்ணெய் கொட்டிக்கொண்ட ஊழியர் என்று எப்போது வேண்டுமானாலும் அழைப்பு வரும். மாரடைப்பு நோயாளி ஒருவரை வென்டிலேட்டரில் வைத்துவிட்டால், துறைமுகம் வரும் வரையோ ஹெலிகாப்டர் எட்டும் தூரம் வரும் வரையோ ஒரு நர்ஸ் அவரை விட்டு நகர முடியாது. கரை மருத்துவமனையில் ஷிஃப்ட் முடிந்தால் புது முகங்கள் வரும். இங்கே பொறுப்பை மாற்றிக்கொள்வது அதே மூன்று நான்கு பேர்தான், அவர்களும் தூங்காதவர்கள்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலை நேர உச்சவரம்புக்குப் பதில் குறைந்தபட்ச ஓய்வை வைத்துக் கணக்கிடும் கப்பலில் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும். அந்தப் பத்தை இரண்டாகத்தான் பிரிக்கலாம். அதில் ஒரு பகுதி ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். ஆன்-காலில் எழுப்பினால் அதற்கு ஈடான ஓய்வும் உண்டு. ஆனால் நான் வேலை பார்த்த ஒரு கப்பலில் வாந்திபேதி பரவியபோது, ஓய்வு நேரத்தைப் பதியும் தாளில், உண்மையில் ஓய்வெடுத்த நேரத்துக்குப் பதில் ரோஸ்டரில், அதாவது பணி அட்டவணையில், இருந்த நேரமே நிரப்பப்பட்டது. அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பலில் பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேர் இப்படி நோயுற்றால் அது நோய்ப்பரவலாக வெளியிடப்படும். அதனால் எண்ணிக்கையில் எல்லாருக்கும் பதற்றம். யார் தூங்கினார்கள் என்று பார்க்க ஆளில்லை. என்னை எழுப்பிய நேரங்களை நான் அப்படியே எழுதினேன். தலைமை நர்ஸ் தாளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் காலைக் கிளினிக்கைத் தாமே எடுத்துக்கொண்டார்.

நம் நோயாளிகளில் ஊழியர்களும் உண்டு என்பதை வெளியே பலரும் நினைப்பதில்லை. அவர்களுக்குச் சிகிச்சை இலவசம். இருந்தும் உணவைக் கையாளும் ஒருவர் வயிற்றுப்போக்கை மறைப்பார். சொன்னால், அறிகுறி நின்றபின்னும் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாது. டிப்ஸை நம்பி வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவருக்கு அது பெரிய இழப்பு. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வந்ததே இல்லை. அந்த நாட்களின் வருமானத்தை நிறுவனம் ஈடு செய்தால் நோயும் சீக்கிரம் அடங்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

டாக்டர்கள், சிகிச்சைத் தவறு வழக்குகளுக்கான காப்பீட்டைப் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். கப்பல் டாக்டரின் கவனக்குறைவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்றே அமெரிக்க நீதிமன்றங்கள் பல காலம் சொல்லிவந்தன. 2014இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடரலாம் என்றது. எப்படியானாலும் ஒப்பந்தம் முடிந்த பிறகு வரும் வழக்குக்கும் காப்பீடு செல்லுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் நர்ஸுகள் கேட்க வேண்டியவை: எத்தனை நர்ஸ், ஆன்-கால் எத்தனை நாளுக்கு ஒருமுறை, இரவில் எழுப்பப்பட்டவரின் காலை வேலையை யார் பார்ப்பார்கள். வேலை வாங்கித் தர ஏஜென்ட் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அதே உடன்படிக்கைப்படி மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், கடலோடிகளுக்கான அடையாளப் புத்தகம் போன்றவற்றின் செலவு மட்டுமே நம்முடையது. விசாச் செலவுகூடக் கப்பல் உரிமையாளருடையது.