ஃபயர்பிளேஸுக்கு மேலே டிவி: கழுத்து பிடிக்காமல் மாட்டிய அனுபவம்

எங்கள் வீடு கனடாவின் ஒன்டாரியோவில், பிராம்ப்டன் பக்கம். இங்கே வரிசையாகக் கட்டிய வீடுகளில் இருப்பவர்களுக்கு நிலைமை தெரிந்திருக்கும்: ஃபேமிலி ரூமில் ஒரு பக்கம் முழுக்க ஜன்னல், ஒரு பக்கம் சமையலறைக்குத் திறப்பு, இன்னொரு பக்கம் மாடிப்படி, மிச்சம் இருக்கும் ஒரே சுவரில் கேஸ் ஃபயர்பிளேஸ். டிவியை வேறு எங்கே வைப்பது? ஆனால் அதற்கு மேலே சும்மா ஒரு பிராக்கெட்டை அடித்து மாட்டிவிட்டால் அண்ணாந்து பார்த்தே கழுத்து போய்விடும். அதனால் முன்னால் இழுத்துக் கீழே இறக்குகிற வகை மவுன்ட் போடலாம் என்று பார்த்தேன். சில நூறு டாலர் ஆகும், சாதாரண மவுன்டைவிடப் பல மடங்கு. அது தேவையா என்று தெரிந்துகொள்ள முதலில் டேப்பை எடுத்தேன்.

ஃபயர்பிளேஸுக்கு மேலே இருக்கும் மேன்டல் பலகை தரையிலிருந்து 52 அங்குலம். 55 இன்ச் டிவியின் உயரம் சுமார் 28 அங்குலம். பலகைக்கு மேல் 5 அங்குலம் இடைவெளி விட்டால் டிவியின் நடுப்புள்ளி 71 அங்குலத்தில் வரும், மேல் விளிம்பு 85. சோபாவில் உட்கார்ந்தால் என் கண் 41 அங்குல உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து திரைக்குப் பத்து அடி. உயர வித்தியாசத்தைத் தூரத்தால் வகுத்து, போன் கால்குலேட்டரில் டேன் இன்வர்ஸ் போட்டால் நடுப்புள்ளிக்கு 14 டிகிரி, மேல் விளிம்புக்கு 20 டிகிரி. கண் இயல்பாகவே கொஞ்சம் கீழ்நோக்கித்தான் ஓய்வாக இருக்கும், மேலே 14 டிகிரி என்பது ஐந்து நிமிடச் செய்திக்குச் சரி, மூன்று மணி நேரப் படத்துக்கு ஆகாது. ரிக்ளைனரில் நன்றாகச் சாய்ந்து உட்காருகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை பாதி குறைந்துவிடும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் சோபாவில் உட்காருகிறவர்களுக்குத்தான். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா சோபாவில் உட்காருவதே இல்லை. தரையில் ஒரு விரிப்பு, முன்னால் பேப்பர், அதில் வெந்தயக் கீரையைக் கொட்டி ஆய்ந்துகொண்டே சீரியல் பார்ப்பார். தரையில் அவர் கண் உயரம் 29 அங்குலம், சுவரிலிருந்து எட்டு அடி. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 24 டிகிரி. டிவி வந்த அட்டைப்பெட்டியைத் திரை அளவுக்கு வெட்டி, சுவரில் பெயின்டர் டேப்பால் ஒட்டி வைத்தேன். உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, கோபுர தரிசனம் பண்ற மாதிரி இருக்கே, இதுக்கு நான் ரேடியோவே கேட்டுக்கறேன்" என்றார். மவுன்ட் வாங்குவது அத்தோடு முடிவாகிவிட்டது. யார் மாட்டினாலும் இந்த அட்டை வேலையைச் செய்துவிட்டு, வீட்டில் எல்லோரையும் அவரவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார வைத்துப் பாருங்கள், கணக்கைவிட அது வேகமாகப் புரியும்.

அடுத்தது சூடு. பெரும்பாலான டிவிகளின் கையேட்டில் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் இயக்கலாம் என்று இருக்கும். சமையலறையில் இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தது, அதன் முனையை டிவியின் அடி விளிம்பு வரும் இடத்தில் சுவரோடு ஒட்டி, ஃபயர்பிளேஸை முழுத் தீயில் இரண்டு மணி நேரம் எரியவிட்டேன். சுவரை ஒட்டி 33 டிகிரி, பயமில்லை. ஆனால் இறக்கும் மவுன்டுகள் சாதாரண பிராக்கெட் மாதிரி சுவரோடு ஒட்டிக்கொள்ளாது, மவுன்டும் டிவியும் சேர்ந்து எட்டு அங்குலம் வெளியே நிற்கும். என் மேன்டலின் ஆழமும் எட்டு அங்குலம்தான். அப்படியானால் திரை நிற்பது பலகையின் முன் விளிம்புக்கு நேராக, சூடான காற்று சுருண்டு மேலே ஏறும் அதே இடத்தில். முனையை அங்கே நகர்த்திப் பார்த்தால் 46. தீயைக் குறைத்து வைத்தால் 36.

பலகையை இன்னும் ஆழமாக மாற்றலாமா என்று ஃபயர்பிளேஸ் கையேட்டைப் பார்த்தேன். அதில் ஒரு அட்டவணை இருக்கிறது: மரப் பலகை எவ்வளவு அதிகமாக வெளியே நீட்டுகிறதோ அவ்வளவு அதிக உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும் அபாயம். ஆழமான பலகை போட்டால் அதையும் உயர்த்த வேண்டும், டிவியும் கூடவே மேலே போகும், திரும்ப கழுத்துப் பிரச்சினை. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். டிவி ஓடும்போது தீ குறைவில், டிவியைக் கீழே இறக்கினால் தீ முழுக்க அணைப்பு, இதுதான் வீட்டுச் சட்டம். இறக்கிய டிவி நேராக ஃபயர்பிளேஸின் கண்ணாடிக்கு முன்னால் தொங்கும், அந்த நேரத்தில் தீ எரிந்தால் பேனல் வெந்துவிடும். வெளியே மைனஸ் பதினைந்தில் தீயையும் படத்தையும் சேர்த்து ரசிக்கலாம் என்று நினைத்து இந்த மவுன்டை வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அப்புறம் சுவர். ஜிப்சம் பலகைக்குப் பின்னால் 16 அங்குலத்துக்கு ஒன்றாக மரச்சட்டம் இருக்கும் என்பது பொதுவான கணக்கு, ஃபயர்பிளேஸைச் சுற்றி அதை நம்ப முடியாது. சட்டத்தைக் கண்டுபிடிக்கும் கருவியான ஸ்டட் ஃபைண்டர் எல்லா இடத்திலும் கத்தியது. சின்ன, பலமான காந்தத்தை நூலில் கட்டிச் சுவரோடு மெதுவாக நகர்த்தினேன், பலகையை அடித்திருக்கும் ஸ்க்ரூக்களின் மேல் அது ஒட்டிக்கொண்டு நிற்கும், மேலும் கீழும் ஒரே நேர்க்கோட்டில் பல ஸ்க்ரூ வந்தால் அங்கே சட்டம். அதைவிட முக்கியம் புகைக்குழாய். வெளியே போய் வீட்டுச் சுவரைப் பார்த்தேன். குழாயின் மூடி ஃபயர்பிளேஸுக்கு நேர் பின்னால் இல்லாமல் நன்றாக மேலே இருந்தது, அதாவது குழாய் என் டிவி வரப்போகும் சுவருக்குப் பின்னால்தான் ஏறிப் போகிறது. கண்ணை மூடிக்கொண்டு நீளமான போல்ட் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் பிளக் பாக்ஸ் வர வேண்டிய துளையை முதலில் வெட்ட வைக்க முடிவு செய்தேன். டிவியின் சாதாரண மின்கம்பியைச் சுவருக்குள் விடுவது இங்கே விதிப்படி கூடாது, உள்ளே குழிந்த பிளக் பாயின்ட் ஒன்று புதிதாக வேண்டும். ஒன்டாரியோவில் வீட்டு மின்வேலைக்கு மின் பாதுகாப்பு ஆணையமான இ.எஸ்.ஏ.விடம் பதிவு செய்ய வேண்டும், காசு கொடுத்துச் செய்வதானால் உரிமம் உள்ள ஒப்பந்ததாரர்தான் செய்யலாம். அப்படி ஒருவரை வரவழைத்தேன். அவர் வெட்டிய துளை வழியாகப் போனை உள்ளே நீட்டி டார்ச் போட்டு வீடியோ எடுத்ததில் குழாய், சட்டங்கள், குறுக்குக் கட்டை எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. குழாய்க்கும் சட்டத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது. சில வீடுகளில் இந்த இடத்தில் தகரச் சட்டம் போட்டிருப்பார்கள், அதில் இந்த மாதிரி நீட்டும் மவுன்டை நேரடியாகத் தொங்கவிடக் கூடாது. கல் சுவர் போலத் தெரிவது பல வீடுகளில் மெல்லிய கல்வில்லை ஒட்டியதுதான், அதுவும் பாரம் தாங்காது, போல்ட் உள்ளே மரம் வரை போயே ஆக வேண்டும்.

துளை போட்ட நாளில் ஃபயர்பிளேஸைப் பற்றவைக்க உள்ளே எரிந்துகொண்டிருக்கும் சின்னச் சுடரான பைலட்டையும் அணைத்து ஆறவிட்டேன். டிரில் முதலில் வெள்ளைத் தூளாகக் கொட்டும், அது ஜிப்சம். அப்புறம் கை கொஞ்சம் அழுத்தம் உணரும், பிட்டைச் சுற்றி வெளிர் மஞ்சளாக மரச்சுருள் வரும், பைன் மர வாசனையும் வரும். சுருள் வராமல் பிட் சட்டென்று உள்ளே விழுந்தால் அங்கே சட்டம் இல்லை. இறக்கிய நிலையில் மவுன்ட் சுவரைப் பிடித்து முன்னால் இழுக்கும், பாரம் முழுக்க மேல் வரிசை போல்ட்டுகளில், அதனால் அவற்றைச் சட்டத்தின் நடுவில்தான் போட வேண்டும், ஓரத்தில் போட்டால் மரம் பிளக்கும். இம்பாக்ட் டிரைவரைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் ராட்செட்டில் முறுக்கினேன்.

டிவியை ஏற்ற நண்பன் வந்தான். "மச்சான், இவ்வளவு கனமான இரும்புக்கு இந்த டிவியா?" என்றான். மவுன்ட் டிவியைவிட எடை அதிகம். மாட்டிய உடனே கையை விட்டால் டிவி தானாக மேலே எழும்பியது, உள்ளே இருக்கும் கேஸ் ஸ்பிரிங் கனமான டிவிக்கு இறுக்கியிருந்தது. ஆலன் கீயால் இரண்டு பக்கமும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, விட்ட இடத்தில் நிற்கும்வரை சரிசெய்தோம்.

இப்போது இழுத்தால் முதலில் முன்னால் வந்து, பலகையைத் தாண்டி, 24 அங்குலம் இறங்குகிறது. நடுப்புள்ளி 47 அங்குலம். சோபாவிலிருந்து மூன்று நான்கு டிகிரிதான். தரையிலிருந்து அம்மாவுக்கு 13 டிகிரி, திரையைக் கீழ்நோக்கிச் சாய்த்ததும் அவருக்கும் பரவாயில்லை. எங்களுடையது வி.ஏ. பேனல் (எல்.சி.டி. திரையில் ஒரு வகை), கீழேயிருந்து பார்த்தால் கறுப்பு வெளுத்துத் தெரியும், சாய்வு அதையும் சரிசெய்துவிட்டது. பலகையின் மேல் இருந்த பிள்ளையாரை இடம் மாற்ற வேண்டியிருந்தது, டிவி இறங்கும் வழியில் ஐந்து அங்குலத்துக்கு மேல் உயரமான எதுவும் இருக்க முடியாது.

எச்.டி.எம்.ஐ. கம்பிக்கு இறக்கிய நிலையில் நீளம் அளந்துதான் வாங்கினேன், ஆப்டிகல் வகை, அதில் எந்த முனை டிவிக்கு என்று அச்சிட்டிருக்கும், மாற்றிச் செருகினால் படம் வராது. சவுண்ட்பார் இன்னும் பாக்கி. அதைப் பலகையில் வைத்தால் டிவி மறைத்துவிடும், சூடும் படும், டிவியோடு சேர்ந்து இறங்கும்படி மவுன்டின் அடியில் மாட்டுகிற கிளிப் ஆர்டர் செய்திருக்கிறேன். அந்த எடை கூடினால் ஸ்பிரிங்கைத் திரும்ப இறுக்க வேண்டியிருக்கும், செய்துவிட்டு எழுதுகிறேன்.