கடைசி வரிசை

காலை 6.10க்கு ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிக்குக் கீழே வேனை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். ஹாரன் அடிப்பதில்லை. ஒரு தடவை அடித்ததற்கு மாடியிலிருந்து ஒரு பாட்டி என் ஏழு தலைமுறையையும் இழுத்தார். பினாங்கில் பள்ளி வேன் ஓட்ட ஆரம்பித்து 19 வருஷம் ஆகிறது. பிள்ளைகளின் பேர் மறந்தாலும் உட்கார்ந்த இடம் மறக்காது: முன் சீட்டு, ஜன்னலோரம், வாந்தி வரும் பிள்ளைக்குக் கதவோரம், அப்புறம் கடைசி வரிசை. கடைசி வரிசை தனி நாடு. அங்கே என் சட்டம் செல்லாது.

ஒரு பையன். ஆறாம் ஆண்டு வரை தங்கச்சியின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு இறங்கி வருவான். வேனில் ஏறியதும் அவளுடைய தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்துவிட்டுத்தான் உட்காருவான். அடுத்த வருஷம் இடைநிலைப் பள்ளியில் அவனுக்குப் புகுமுக வகுப்பு, பிள்ளைகள் வாயில் 'ரிமூவ்'. வெளிநாட்டில் இருந்து இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: மலேசியாவில் தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி முடித்துவரும் பிள்ளைகள் மலாய்மொழியில் தடுமாறினால், முதலாம் படிவத்துக்கு முன்னால் இந்த ஒரு வருஷத்தைக் கூடுதலாகப் படிக்க வேண்டும். நோக்கம் நல்லதுதான். ஆனால் ஆறு வருஷம் கூடவே படித்தவர்கள் ஒரு வகுப்பு மேலே போய்விடுகிறார்கள். அப்படி மேலே போன மூன்று பேர் என் வேனின் கடைசி வரிசையில் இருந்தார்கள். முதல் நாளே "டேய், ரிமூவ்!" என்றார்கள். இவனும் சிரித்தான். இரண்டு வாரத்தில் அந்த வரிசையிலேயே பெரிய சத்தம் இவனுடையது. தங்கச்சி தன் பையைத் தானே தூக்க ஆரம்பித்தாள். அவளைத் தாண்டித்தான் பின்னால் போவான். கண்கூட அந்தப் பக்கம் திரும்பாது.

அம்மாவுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட். உள்ளே கைப்பேசி எடுத்துப்போக முடியாது. அப்பா லோரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் ஊரில் இல்லை. இடைவேளையில் அம்மா எனக்குத்தான் போன் போடுவார். "அக்கா, பசியாறிட்டு வந்தானா? முகம் எப்படி இருந்துச்சு?" பெற்ற பிள்ளையின் முகத்தை வேன்காரியிடம் கேட்க வேண்டிய நிலைமை. அலட்சியமான பெற்றோர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

பள்ளி வாசலில் ஓர் ஆசிரியர் நிற்பார். இவன் இறங்கும்போதெல்லாம், "வந்துட்டாரு பெரிய மனுஷன்." எல்லார் முன்னாலும். ஒரு மாதம் கழித்து அவன் நடையே பெரிய மனுஷன் நடையாகிவிட்டது.

இங்கே என் பங்கும் உண்டு. ஒருநாள் அவன் சட்டையில் சிகரெட் வாடை. அன்றைக்கு அம்மாவுக்கு விடுமுறை, கீழே வந்து நின்றிருந்தார். வேன் நிறையப் பிள்ளைகள் இருக்க, ஜன்னல் வழியாகவே சொல்லிவிட்டேன். கடைசி வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா தலை குனிந்தார். மூன்று மாதம் அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்ன விஷயம் சரி, சொன்ன இடம்தான் தப்பு. இன்னும் உறுத்துகிறது.

என் மகள் பாலர் கல்வி படிக்கிறாள். பரீட்சைக்குச் சத்தமாகப் படிப்பாள், நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பேன். யூரி பிரான்ஃபென்பிரென்னர் என்று ஒருவர். மாஸ்கோவில் பிறந்து சின்ன வயதில் அமெரிக்கா போனவர். 1979இல் ஒரு புத்தகத்தில், பிள்ளையைச் சுற்றி வட்டம் வட்டமாகச் சூழல் இருக்கிறது என்று விளக்கினாராம். முதல் வட்டத்தில் வீடு, பள்ளி, கூட்டாளிகள். இரண்டாவது வட்டம் இவர்களுக்குள் இருக்கும் தொடர்பு: அம்மாவும் ஆசிரியரும் பேசிக்கொள்கிறார்களா, கூட்டாளி வீட்டுக்கு வந்து போகிறானா, இந்த மாதிரி. "அம்மா, ரெண்டாவது வட்டத்துல உங்க வேன்தான் ஓடுது," என்றாள். வெங்காயத்தில் கண் எரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் படித்த இன்னொன்று கார் ஓட்டும் விளையாட்டு. 2005இல் கார்ட்னர், ஸ்டீன்பர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 306 பேரைக் கம்ப்யூட்டரில் கார் ஓட்ட வைத்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் போய்க்கொண்டே இருந்தால் புள்ளி கூடும். திடீரென்று சுவர் வந்தால் மோதி எல்லாம் போகும். கூட்டாளிகள் பக்கத்தில் நின்று பார்த்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் ரொம்பவே துணிந்தார்கள். 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. என் வேனிலும் இதுதான் நடக்கிறது. பின்னால் கூட்டமாக இருந்தால், "ஆன்ட்டி, அந்தக் காரை வெட்டுங்க!" அதே பையன் தனியாக இருந்தால், "மெதுவா போங்க ஆன்ட்டி, மழை."

அதனால் ஒரு பொய் சொன்னேன். கடைசி வரிசையில் ஒரு சீட்டு பெல்ட் அறுந்துவிட்டது, நீ முன்னால் வா என்றேன். அறுந்தது உண்மைதான். கத்தரிக்கோல் யாருடையது என்று கேட்காதீர்கள். முன் சீட்டில் முதல் வாரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது வாரம் ரேடியோவை மாற்றச் சொன்னான். அதற்கப்புறம் ஒருநாள், அவன் பள்ளியின் கணக்கு டீச்சர் ஒரு சீனப் பெண்மணி, வாசலில் வேனை நிறுத்தி ஒரு தாளை நீட்டினார். இவன் முழுசாகப் போட்ட பயிற்சி. அம்மாவுக்குப் போன் எடுக்கவில்லை, நீங்கள் காட்டுங்கள் என்றார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. இரவு மாடி ஏறிப்போய் அம்மா கையில் கொடுத்தேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை என்பதையும் பதிவு செய்துவைக்கிறேன்.

இப்போது அவனுக்கு 16. மோட்டார் லைசென்ஸ் எடுத்துவிட்டான், வேனுக்கு வருவதில்லை. தங்கச்சி முன் சீட்டுக்கு வந்துவிட்டாள். போன வாரம் கிரீன் லேன் சிக்னலில் மஞ்சள் விழுந்தது. பக்கத்து லேனில் அவன், பின்னால் ஒரு கூட்டாளி. போய்விடுவான் என்று நினைத்தேன், நின்றான். பின்னால் இருந்தவன் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டினான். நான் கண்ணாடியை இறக்கிக் கையை ஆட்டினேன். நேராக விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்க்க மாட்டான் ஆன்ட்டி," என்றாள் தங்கச்சி. "பின்னால ஃபிரண்டு இருக்கான்ல."