அக்காக்கி அக்காக்கியேவிச்

பார்வையற்ற நண்பர் ஒருவருக்காக வாரம் ஒரு கதையைப் போனில் படித்துப் பதிவு செய்து அனுப்புகிறேன். சென்ற வாரம் ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் 'மேல்கோட்டு'. கேட்டுவிட்டு அவர் சொன்னது: "என்னப்பா, ஒரேயடியா அழுதுக்கிட்டே படிக்கிறே?"

உண்மைதான். அக்காக்கி அக்காக்கியேவிச் என்ற ஏழை எழுத்தர் காசு சேர்த்துப் புதுக்கோட்டு தைக்கிறார், அது பறிபோகிறது, அவர் இறந்துபோகிறார். சோகக்கதை என்றே முதல் வரியிலிருந்து குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

அன்றிரவு, ரஷ்ய இலக்கிய விமர்சகர் போரிஸ் ஐக்கன்பாம் 1919இல் வெளியிட்ட கட்டுரையை மறுபடி எடுத்தேன். 'கோகோலின் மேல்கோட்டு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது' என்பதுதான் தலைப்பு. கதையில் சம்பவங்கள் சொற்பம், அதைத் தாங்குவது சொல்பவரின் குரல் என்கிறார். அப்படி வாய்ப்பேச்சு போலக் கதை சொல்லும் முறைக்கு ரஷ்ய உருவவாதிகள், அதாவது படைப்பு என்ன சொல்கிறது என்பதைவிட எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்த்த விமர்சகர்கள், வைத்த பெயர் 'ஸ்காஸ்'.

எழுத்தர் பிறந்தபோது அவருக்குப் பெயர் வைக்கும் இடத்தைப் பாருங்கள். மோக்கி, சோஸ்ஸி, ஹோஸ்தஸாத் என்று பஞ்சாங்கப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. தாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. சரி, அப்பன் பெயரே இருக்கட்டும் என்று அக்காக்கி ஆக்கிவிடுகிறாள்; அக்காக்கியேவிச் என்றால் அக்காக்கியின் மகன். வேறு வழியே இருக்கவில்லை என்று கதைசொல்லி சத்தியம் செய்யாத குறைதான். கோகோலுக்கு வேண்டியதோ அந்த ஒலி. தமிழ்க்காதுக்கு அது காக்கை கரைவது போலவே கேட்கிறது. மொழிபெயர்ப்பில் தப்பிப் பிழைத்த அதிர்ஷ்டம் அது. அப்புறம் தையற்காரர் பெத்ரோவிச்சின் கால் கட்டைவிரல் நகம், ஆமை ஓடு போலத் தடித்தது. கோட்டு என்ன ஆகுமோ என்று நாம் தவிக்கும் நேரத்தில் கோகோல் அந்த நகத்தைக் காட்டுகிறார்!

இத்தனை கோமாளித்தனத்துக்கு நடுவே ஒரு இளைஞனுக்கு மட்டும், அலுவலகத்தில் கேலி செய்கிறவர்களிடம் 'என்னை விட்டுவிடுங்கள்' என்கிற எழுத்தரின் முனகலில் 'நான் உன் சகோதரன்' என்பது கேட்கிறது. இதை ஆசிரியரின் நெஞ்சுக்குமுறலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், குரல் மாறும் உத்தி இது என்கிறார் ஐக்கன்பாம். பாதிதான் ஒப்புக்கொள்வேன். உத்தி என்பது சரி. ஆனால் உத்தி என்பதாலேயே அந்த வலி பொய்யாகிவிடாது.

நேற்று மறுபடி பதிவு செய்தேன். பெயர் வரும் இடமெல்லாம் துள்ளலாக, 'சகோதரன்' வரும்போது மட்டும் குரலை இறக்கி. நண்பர் அந்த இடத்தை இரண்டு முறை ஓடவிட்டுக் கேட்டாராம்.