எட்டுக் கம்பமும் தண்ணீரைத் தொடாமல் நின்றன

கயாக் ஸ்லாலம் என்பது ஓடும் ஆற்றின் மேல் தொங்கும் கம்ப ஜோடிகளுக்கு நடுவே படகை ஓட்டும் விளையாட்டு, அந்த ஜோடிதான் கேட். இந்த வாரம் எங்கள் மன்றத்தின் ஒன்றரை மணி நேரக் குளப் பயிற்சி முடியும்வரை நான்கு கேட்டுகளின் எட்டுக் கம்பங்களும் தண்ணீருக்கு மேல் 20 செ.மீ. உயரத்தில் அப்படியே நின்றன. அக்டோபரில் உள்ளரங்கக் குளத்துக்கு மாறியதிலிருந்து இதுதான் முதல் முறை. போன வாரம்வரை ஒவ்வொரு வாரமும் இருபது நிமிடத்துக்குள் கம்பங்கள் தாழ்ந்து நுனி நனைந்துவிடும். கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டுவோம், மறுபடி தாழும். தீர்வு கயிற்றை இறுக்குவதில் இல்லை, தளர்த்துவதில் இருந்தது. கணக்குப் போட்டபிறகுதான் அது புரிந்தது, அதனால் கணக்கையும் சேர்த்தே எழுதுகிறோம்.

இடம் வட இங்கிலாந்து, 25 மீட்டர் நகராட்சிக் குளம், அகலம் 12.5 மீட்டர். சுவரில் கொக்கி அடிக்க அனுமதி இல்லை. பெரும்பாலான மன்றங்களுக்கு இதே நிலைதான். இருக்கும் ஒரே பிடிமானம், மல்லாந்து நீந்துபவர்களுக்கான கொடிக் கயிற்றைத் தாங்கும் நான்கு கம்பிகள். இரண்டு முனைச் சுவரிலிருந்தும் 5 மீட்டர் தள்ளித் தரையில் குழி இருக்கும், கம்பியை அதில் செருகினால் கொடி தண்ணீருக்கு 1.8 மீட்டர் மேலே வரும். குளத்துப் பொறுப்பாளரிடம் கேட்டு அந்தக் குழிகளையே பயன்படுத்துகிறோம். 15 மீட்டர் இடைவெளியில் இரண்டு குறுக்குக் கயிறு, கயிற்றுக்கு இரண்டு கேட். குழிகள் கரையிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால் கம்பிக்குக் கம்பி 14 மீட்டர் வருகிறது.

முதலில் செய்த தவறு கம்பத்தின் நீளம். சர்வதேச விதிப்படி ஸ்லாலம் கம்பம் 1.6 முதல் 2 மீட்டர். அதற்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று 1.4 மீட்டரில் வெட்டினோம். கயிறு 1.8 மீட்டரில் தொடங்குகிறது. கம்பம், அதைத் தொங்கவிடும் சிறு கயிறு, குறுக்குச் சட்டம், சட்டத்தைத் தூக்கும் கயிறு எல்லாம் போக, நுனி தண்ணீருக்கு 10 செ.மீ. மேலே நிற்க வேண்டுமானால் பிரதான கயிறு 10 செ.மீ.க்கு மேல் தொய்யக் கூடாது. அங்கேதான் சிக்கல்.

கயிற்றின் நீளத்தை மூன்றாகப் பிரித்து, மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் ஒரு கேட், மூன்றில் இரண்டு பங்குத் தூரத்தில் ஒரு கேட் என்று தொங்குகிறது. இழுவிசை என்பது ஒரு கேட்டின் எடையை 14/3 மீட்டரால் பெருக்கித் தொய்வால் வகுத்தது. கேட் 1 கிலோ, தொய்வு 10 செ.மீ. என்றால் கயிறு ஒவ்வொரு கம்பியையும் ஏறத்தாழ 47 கிலோ அளவுக்கு உள்நோக்கி இழுக்கும். கொடி தாங்கும் கம்பி அதற்காகச் செய்ததல்ல, அதன் தலை சாயும். சாய்ந்தால் என்ன ஆகும் என்பது இன்னும் முக்கியம். 10 செ.மீ. தொய்வுக்கு 14 மீட்டரில் கயிறு கூடுதலாக எடுத்துக்கொள்ளும் நீளம் வெறும் 2 மில்லிமீட்டர்தான். இரண்டு கம்பியும் தலைக்கு 1 செ.மீ. உள்ளே சாய்ந்தால் தொய்வு 32 செ.மீ. ஆகிவிடும். கண்ணுக்கே தெரியாத சாய்வு, கேட் 22 செ.மீ. இறங்குகிறது. அதே 1 செ.மீ. சாய்வு, முதலிலேயே 40 செ.மீ. தொய்வு விட்ட கயிற்றில் வந்தால் தொய்வு 50 ஆகும், கேட் 10 செ.மீ.தான் இறங்கும். அதிலும் அங்கே இழுவிசை குறைவென்பதால் கம்பி அவ்வளவு சாயவே சாயாது.

ஆகவே 40 செ.மீ. தொய்வு விடுவது என்று முடிவு. அதற்கு இடம் வேண்டுமே, கம்பத்தைத்தான் குறைக்க வேண்டும். 1 மீட்டர் கம்பம், நுனி 20 செ.மீ. உயரத்தில், தலை 1.2 மீட்டரில், சட்டம் 1.3-ல், கயிற்றின் தாழ்ந்த இடம் 1.4-ல், கம்பித் தலை 1.8-ல். கச்சிதமாகப் பொருந்தியது. கயாக்கில் உட்கார்ந்தவரின் தலையும் தோளும் துடுப்பின் மேல் அலகும் எல்லாம் 20 முதல் 120 செ.மீ.க்குள் வந்துவிடுகின்றன, பயிற்சிக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டின் எடையும் 800 கிராமாகக் குறைந்தது. இப்போது இழுவிசை 10 கிலோவுக்கும் கீழே. சொல்லப்போனால் ஒரு கை இழுப்பு.

கயிற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலில் இருந்தது நைலான். நைலான் நனைந்தால் நீளும், குளத்து ஈரக் காற்று போதும். பாலிபுரொபிலீன் தண்ணீரில் மிதக்கும் என்பது நல்ல குணம், ஆனால் தொடர்ந்து இழுவிசையில் இருந்தால் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு மிகக் குறைவாகவே நீளும், ஆனால் வழுக்கும், முடிச்சு நழுவும், அதன்மேல் இன்னொரு கயிற்று முடிச்சும் பிடிக்காது. 4 மி.மீ. முன்-இழுத்த பாலியஸ்டரில் நின்றோம். பாய்மரப் படகுச் சாமான் விற்கும் கடைகளில் சுருளாகக் கிடைக்கும். மலையேற்றக் கடையில் 4 மி.மீ. துணைக்கயிறு என்று கேட்டால் பெரும்பாலும் நைலானைத்தான் தருவார்கள், உறையைப் படித்து வாங்கவும். ஒரு முனையில் நிலையான கண்ணி, மறுமுனையில் லாரிச் சரக்குக்குத் தார்ப்பாய் கட்டுவார்களே, அந்த முடிச்சு. கடைசிச் சுருக்கு ஒரே இழுப்பில் அவிழும்படி இருக்க வேண்டும். உயிர்காப்பாளர் எந்த நொடியிலும் கயிற்றைக் கீழே விட முடியாவிட்டால் கேட்டே கட்டக் கூடாது.

தொய்வு விட்டதும் புதுத் தொல்லை ஒன்று. கேட் கயிற்றில் கொக்கியில் தொங்கினால் சரிவில் நழுவி நடுவே போய்ச் சேரும். 2 மி.மீ. கயிற்றில் பிரதான கயிற்றைச் சுற்றி இறுகப் பிடிக்கும் மூன்று சுற்றுப் புருசிக் முடிச்சு போட்டால் நிற்கும், வேண்டியபோது கையால் தள்ளி நகர்த்தவும் முடியும். சுற்றும் கயிறு பிரதான கயிற்றைவிட நன்றாக மெலிதாக இருந்தால்தான் கடிக்கும். 3 மி.மீ. போட்டபோது நழுவியது. இன்னொன்று, சட்டத்தின் வெளிமுனைக்கு மேலே கயிறு உயரமாக இருக்கும், மீட்டருக்கு 8, 9 செ.மீ. என்ற சரிவு. அதனால் வெளிமுனையின் தூக்குக் கயிறு அந்த அளவுக்கு நீளமாக வேண்டும். இரண்டையும் சம நீளத்தில் கட்டினால் சட்டம் சாய்ந்து, ஒரு கம்பம் மட்டும் உயர்ந்து நிற்கும்.

கம்பங்களுக்கு 32 மி.மீ. வெள்ளைக் கழிவுநீர்க் குழாய், பசை போட்டு ஒட்டும் வகை. வெளிவிட்டம் 36 மி.மீ., விதி சொல்லும் 35 முதல் 50 மி.மீ.க்குள் வருகிறது. 3 மீட்டர் குழாய் ஒன்றில் மூன்று கம்பம் சேதாரமே இல்லாமல். மூன்று குழாய் வாங்கினால் எட்டுக் கம்பமும் ஓர் உபரியும். சட்டத்துக்கு 20 மி.மீ. மின்வயர்க் குழாய், 1.3 மீட்டர் நீளம், கம்பங்களுக்கு இடையே 1.2 மீட்டர். அது விதியில் உள்ள குறைந்தபட்ச அகலம், குளத்துக்கு அதுவே சரி. வெட்டிய முனையை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துப் பிசிர் எடுக்கவும், முகத்துக்கு நேரே தொங்கும் பொருள் அது. அடிமுனையில் கடினமான மூடி வேண்டாம். மிதவை நுரைக் குழாயிலிருந்து ஒரு துண்டை வெட்டி உள்ளே திணித்து, ஒரு செ.மீ. வெளியே நீட்டி விட்டிருக்கிறோம்.

20 செ.மீ. பட்டைகள் ஐந்து. அடிப்பட்டை எப்போதும் வெள்ளை, அப்புறம் நிறம், வெள்ளை, நிறம், வெள்ளை. குழாயே வெள்ளை என்பதால் இரண்டு பட்டைக்கு மட்டும் டேப். 19 மி.மீ. மின்வயர் டேப்பில் ஒரு பட்டைக்கு 1.35 மீட்டர் பிடிக்கும், நான்கு கம்பத்துக்கு 11 மீட்டர். சிவப்பில் ஒரு 20 மீட்டர் சுருள், பச்சையில் ஒன்று, தாராளமாகப் போதும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, கீழிருந்து மேலே சுற்ற வேண்டும். கீழிருந்து சுற்றினால் ஒவ்வொரு சுற்றின் மேல்விளிம்பையும் அடுத்தது மூடிவிடும். கடைசிச் சுற்றை இழுக்காமல் படியவிட்டு ஒட்டவும். இழுத்து ஒட்டிய முனை சுருங்கிப் பின்வாங்கி, ஒரே வாரத்தில் வாலாகத் தொங்கும்.

இன்னும் முழுதாகத் தீராதது ஊசலாட்டம். தோள் பட்டால் கம்பம் ஆடத் தொடங்குகிறது, அடுத்தவர் வரும்போதும் ஆடிக்கொண்டிருக்கிறது. அவர் தொட்டாரா, முன்னவர் தொட்டதா என்று தெரியாமல் 2 வினாடித் தண்டம் போட முடியவில்லை. 1 மீட்டர் கம்பத்தின் ஊசல் நேரம் 1.6 வினாடி. அடியில் எடை சேர்த்தால் நிற்கும் என்று தோன்றும், சேர்க்கக் கூடாது. ஊசல் இன்னும் மெதுவாகி நெடுநேரம் நீடிக்கும், பல்லிலும் படும். பயன் தந்தது இரண்டு விஷயம். ஒரே கயிற்றில் தொங்கவிடாமல், தலையில் எதிரெதிராக இரண்டு ஓட்டை போட்டுச் சட்டத்தில் 8 செ.மீ. இடைவெளியில் இரண்டு கயிறாகக் கட்டியதும் கம்பம் சுழல்வது நின்றது. அந்த இடைவெளியில் சுடுநீர்க் குழாய்க்கு மாட்டும் நுரை உறையை 10 செ.மீ. வெட்டிச் செருகியதும், நுரை உரசுவதால் நான்கைந்து ஊசலில் அடங்கிவிடுகிறது. நுரை ஈரத்தில் ஊறினால் இது எத்தனை வாரம் தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

நீரோட்டமே இல்லாத குளத்தில் கேட் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: வாஷிங்டன் அருகே கார்டராக்கில் கப்பல் மாதிரிகளைச் சோதிக்கும் அமெரிக்கக் கடற்படைத் தொட்டியிலேயே குளிர்காலத்தில் கேட் தொங்கவிட்டுப் பயிற்சி செய்திருக்கிறார்கள். ஓட்டம் இல்லாதபோது படகைத் திருப்புவது துடுப்பும் இடுப்பும் மட்டுமே. படகை விளிம்பு சாய்க்காமல் திருப்புகிறவர் உடனே அகப்படுவார். ஒரே கேட்டில் முன்னால், பின்னால், இடம், வலம் என்று எட்டுப் போட்டு, நடுவே இரண்டு பக்கமும் ரோல் அடித்து, அதாவது படகோடு கவிழ்ந்து நிமிர்ந்து, நேரம் பார்ப்பது எங்களுக்குப் பிடித்த பயிற்சி. ரோலுக்குப் பிறகு படகு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதில்தான் வினாடிகள் போகின்றன. தண்ணீரில் ஒரே சமயம் நான்கு படகு, அதற்கு மேல் விட்டால் அலை அடங்காது. 4 மீட்டர் பழைய ஸ்லாலம் படகு இந்த அகலத்துக்குத் திணறும், 2005-க்குப் பிந்தைய 3.5 மீட்டர் படகு வசதி. கூரிய மூக்குக்கு 15 மி.மீ. நுரைத் தொப்பி கட்டாயம், குளத்துச் சுவரின் ஓடு உடைந்தால் அடுத்த குளிர்காலத்துக்குக் குளம் கிடைக்காது. இருக்கைக்கு அடியில் காய்ந்த இலையும் மணலும் இருக்கும், காற்றுப்பையைக் கழற்றிக் கழுவிவிட்டு வரவும்.

குளத்து இரவுகளில் கசியும் டிரைசூட்டும் (நீர் புகாத படகு உடை) தெரிந்துவிடும். இந்த மாதம் மணிக்கட்டில் நீர் புகாமல் அடைக்கும் லேட்டெக்ஸ் ரப்பர் மூன்றை மாற்றினோம். மூன்றும் வெயில்களிம்பும் உடல் எண்ணெயும் பட்டுப் பிசுபிசுத்துப் போனவை. பழைய லேட்டெக்ஸ் துணியோடு உறுதியாக ஒட்டியிருந்தால் அதைச் சூடுகாட்டி உரிக்காமல், 25 மி.மீ. வளையம் மட்டும் மிஞ்சும்படி வெட்டிவிட்டு அதன்மேலேயே புதியதை ஒட்டலாம். பிசுபிசுப்பு அந்த வளையத்துக்கும் வந்திருந்தால் உரித்தே ஆக வேண்டும், அதன்மேல் எதுவும் நிற்காது. உள்ளே ஒரு லிட்டர் போத்தலைச் செருகிச் சுருக்கமில்லாமல் இழுத்து, இரண்டு பரப்பையும் லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, அக்வாசீல் பசையை மெல்லிய படலமாகப் பூசவும். தடிமனாகப் பூசினால் கேட்டைப் போலவே இதுவும் நழுவும். மேலே டேப்பால் அழுத்திச் சுற்றி, ஒரு முழு இரவு விட்டுவிட வேண்டும். திறந்த குழாயில் மிச்சமிருக்கும் பசை காற்றின் ஈரத்தில் இறுகிவிடும். இறுக மூடி உறைபெட்டியில் வைத்தால் அடுத்த முறைக்கு இருக்கும். பெரிய குழாய் மலிவு என்று வாங்கிப் பாதியை எறிவதைவிடச் சிறியது மேல்.

அடுத்து மூன்றாவது கயிறு, மூலைக்கு மூலை. நீளம் 20.5 மீட்டர், நடுவில் ஒரே கேட், 40 செ.மீ. தொய்வில் பத்தேகால் கிலோ இழுப்பு. அது குறுக்குக் கயிற்றின் இழுப்போடு சேர்ந்து இரண்டு மூலைக் கம்பிகளில் 18 கிலோவாகிறது. அந்த இரண்டுக்கும் பின்னால் தாங்குகயிறு இல்லாமல் கட்ட மாட்டோம். தாங்குகயிற்றை எதில் கட்டுவது என்று பொறுப்பாளரோடு பேச்சு நடக்கிறது. அது முடிந்தால் பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் அறிமுகமான கயாக் கிராஸ் போல, அந்த நடுக்கேட்டுக்குக் கீழே ரோல் அடித்தே கடக்க வேண்டும் என்று ஒரு சுற்று வைக்கலாம். மார்ச் கடைசியில் டீஸ் தடுப்பணையின் செயற்கை நீரோட்டத் தடத்துக்கும், அணைநீர் திறந்துவிடும் நாளில் வேல்ஸின் டிரவெரின் ஆற்றுக்கும் போவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும். அதற்கும் முன்னால் ஒன்பதாவது கம்பத்துக்கு இன்னும் டேப் சுற்றவில்லை, பச்சைச் சுருளில் 9 மீட்டர் மிச்சம்.