ஒற்றை ஆளுக்குப் பாய்ப்படகு, கூடவே நிழல்

புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றில் கட்டியிருக்கும் என் படகு பதினாறு அடி ஃபைபர். ஒரு பாய்மரம், பெரிய பாய், முன்பாய், அவ்வளவுதான். கூட வந்துகொண்டிருந்த மச்சான் வேலைக்காகத் துபாய் போய்விட்டார். அதனால் கோடைக்கு முன்பே தனி ஆளுக்கு ஏற்றபடி படகை மாற்றினேன், நிழலும் போட்டேன். இரண்டும் வேறு வேறு வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு ஒரே வேலை. எழுந்து பாய்மரத்தடிக்குப் போக வேண்டியிருக்கும்வரை தலைக்கு மேல் எந்தக் கூரையும் நிலைக்காது.

அதனால் முதலில் கயிறுகள். பாயை ஏற்றும் கயிறான ஆஞ்சானைப் பாய்மரத்தடிக் கப்பியில் திருப்பி, சுக்கான் பக்கம் கொண்டுவந்தேன். பாயைச் சுருக்கும் கயிறும் அப்படியே. முன்பாயின் தலையில் ஒரு மெல்லிய கயிறு கட்டி, அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உள்ள கப்பி வழியாகப் பின்னால் கொண்டுவந்தேன். ஆஞ்சானைத் தளர்த்தி இதை இழுத்தால், உட்கார்ந்த இடத்திலிருந்தே முன்பாய் இறங்கிவிடும். நைலான் கயிறு நங்கூரத்துக்கு அருமை, நீண்டு கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும். ஆஞ்சானுக்கு ஆகாது, பாய் தொய்ந்துவிடும். அதற்குப் பாலியஸ்டர்தான்.

வீராம்பட்டினத்து அண்ணன் ஒருவர் பார்த்துவிட்டு, "தம்பி, காத்து ஏறுறதுக்கு முன்னாடியே பாயைக் குறைச்சிடு. ஏறினப்புறம் ரெண்டு கை பத்தாது" என்றார். கயிறு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் அதைச் சோம்பல் இல்லாமல் செய்வோம்.

அப்புறம் நிழல். உட்கார்ந்தால் என் தலைக்கும் பாயின் அடிப்பருமலுக்கும் (பாயின் கீழ்விளிம்பைத் தாங்கும் கழி) நடுவே ஒரு முழம்தான். அந்த இடைவெளிக்குள்தான் கூரை. தார்ப்பாய் கட்டினால் காற்றைப் பிடித்துப் படகைச் சாய்க்கும், படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். நான் போட்டது நர்சரிகளில் செடிகளுக்கு மேல் கட்டும் பச்சை நிழல் வலை, வெயிலில் 75 சதவீதத்தை மறைக்கும் ரகம். காற்று ஊடே போய்விடுகிறது. பாயைப் பார்க்க நடுவில் ஒரு சாண் அகலத்துக்குத் திறப்பு விட்டு, அதன் ஓரத்தில் பழைய வேட்டித் துண்டை மடித்துத் தைத்துக் கொடுத்தார் அக்கா. இழை பிரியவே இல்லை. வளைத்த இரண்டு பிவிசி குழாய்கள்தான் சட்டம். ஒரு முடிச்சை இழுத்தால் மொத்தமும் அமரத்துப் பக்கம், அதாவது படகின் பின்பக்கம், மடிந்துவிடும்.

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் புதுச்சேரிக்கு நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் இருக்கும். பாயின் நிழலை நம்ப முடியாது. காலையில் கரைக்காற்றில் போய், மதியத்துக்கு மேல் கடற்காற்றில் திரும்பும்போது வெயில் மேற்கிலிருந்து நேராக முகத்தில் அடிக்கும். மேலே உள்ள வலை அதற்கு உதவாது. முன் வளைவில் சுருட்டி வைத்த ஒரு துண்டு வலையை அப்போது இறக்கிவிடுவேன். முகத்துவாரம் நெருங்கும்போது மறுபடி சுருட்டியாக வேண்டும், மணல் தூர்ந்த இடத்தில் அலை உடைவது தெளிவாகத் தெரிய வேண்டுமே.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்வேன். தனியாகப் போகிறவர் விழுந்தால் படகு அவருக்காக நிற்காது. லைஃப் ஜாக்கெட்டோடு படகில் பூட்டிய குட்டையான வாரும் வேண்டும். அமரத்தில் ஒரு கயிற்றுப் படியும் வேண்டும், தண்ணீரில் இருந்தபடியே இழுத்தால் கீழே விழுகிற மாதிரி. முதலில் ஆற்றிலேயே இறங்கி, நனைந்த துணியோடு ஏற முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.